ஃபிரிட்ஜ் கதவின் மேல்தட்டு

செஞ்சி மலையடிவாரத்தில், சுற்றுலா வருகிறவர்கள் தங்குவதற்காகப் புதிதாகக் கட்டியிருக்கும் நான்கு வீடுகளில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். ஆறு பேர் சேர்ந்திருப்பதாகச் சொன்னார்கள். போன வாரம் நான் வந்தபோது ஐந்து பேரைத்தான் எண்ணினேன். ஆறாவது ஆள் டீ வாங்கப் போயிருந்தார் என்று பிறகு தெரிந்தது. அது தெரிகிறவரை எனக்கு மனசு நிலைகொள்ளவில்லை. என் சுபாவம் அப்படி.

அன்று உங்கள் கையில் இருந்த அச்சடித்த சாமான் பட்டியலை வாங்கிப் பார்த்தேன். நான்கு பக்கம். நன்றாகத்தான் தயாரித்திருக்கிறீர்கள், கரண்டிகளை நீளவாரியாகப் பிரித்ததுகூட எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் மூன்றாம் பக்கத்தில் "ஃபிரிட்ஜ்: முழுவதும் காலி" என்று ஒரு வரி இருக்கிறது. எதிரே டிக் போட ஒரு கட்டம். அந்த வரியைப் படித்த பிறகு மூன்று நாளாக எனக்குச் சரியான தூக்கம் இல்லை. நேரில் சொல்லலாம் என்றால் நான் கோர்வையாகப் பேசுகிறவன் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

திருவண்ணாமலை சாலையிலிருந்து உள்ளே தள்ளி, வேப்பமரத்தோடு நிற்கிறதே, இந்த நான்குக்கும் முன்பே கட்டிய அந்தப் பழைய வீட்டை ஒன்பது வருடம் நான் பார்த்துக்கொண்டேன். முட்டி ஒத்துழைக்காமல் போனதால் இரண்டு வருடத்துக்கு முன்பு நின்றுவிட்டேன். முதலாளி சென்னையில் இருந்தார். வீட்டுக்குப் பொறுப்பு நான். பெருக்கவும் துடைக்கவும் லூர்து என்ற பெண். அவர் அனந்தபுரத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து காலை முதல் பஸ்ஸில் வருவார். நாற்பது வயதிருக்கும். என்னைவிடக் கால்நூற்றாண்டு சின்னவர் என்றாலும் பேச்சில் யாருக்கும் சின்னவர் இல்லை.

வீடு இரண்டு பேருக்கானது. ஒரு படுக்கையறை, ஒரு கூடம், சமையலறை, குளியலறை, பின்பக்கம் குரங்கு வராமல் கம்பிவலை அடித்த வராந்தா. கட்டிலில் படுத்தபடியே ஜன்னல் வழியாகக் கோட்டையின் ராஜகிரி உச்சி தெரியும். அதற்காகவே கட்டிலின் தலைமாட்டை நான் இரண்டு முறை மாற்றிப் போட்டேன். வருகிறவர்கள் தாங்களே சமைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பர்னர் அடுப்பு, மூன்று லிட்டர் குக்கர், காபி ஃபில்டர், ஏழு கிண்ணம் கொண்ட அஞ்சறைப்பெட்டி, தோசைக்கல். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு சாமான்.

"ரெண்டு பேருக்கு எதுக்கு சார் இவ்ளோ?" என்று அன்று உங்களில் ஒருவர் கேட்டார். சொல்கிறேன். இருபது அறை உள்ள லாட்ஜில் ஒரு டம்ளர் உடைந்தால் யாருக்கும் தெரியாது. இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டில் ஒரு டம்ளர் குறைந்தால், ஒருவர் காபி குடித்து முடிக்கும்வரை இன்னொருவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஊர் விட்டு ஊர் வந்து, நான்கு நாள் யார் தொந்தரவும் இல்லாமல் இருக்கலாம் என்று நினைத்தவர்களுக்கு அந்த நிமிடத்திலேயே இது தங்கள் வீடு இல்லை என்பது நினைவுக்கு வந்துவிடும். அதனால் எண்ணுங்கள். எண்ணுவதை நான் குறை சொல்லவில்லை. எதை எண்ணக்கூடாது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்பு முப்பத்தொரு வருடம் நான் ஓர் அரசாங்கக் கிடங்கில் இருந்தேன். கிடங்கில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், பட்டியலைவிடப் பொருள் குறைந்தால் விளக்கம் கேட்பார்கள். பட்டியலைவிடப் பொருள் அதிகமாக இருந்தால்தான் ஆபத்து. எங்கிருந்து வந்தது, யாருக்குச் சேர வேண்டியதை இங்கே நிறுத்தி வைத்திருக்கிறாய் என்று சந்தேகப்படுவார்கள். எனக்கு வேலை பழக்கிய கிடங்கு அதிகாரி, தணிக்கைக்கு முந்தின நாள் சாயங்காலம் தானே அலமாரி அலமாரியாகப் போவார். ஒரு தாழ்ப்பாள் அதிகமாக இருந்தாலும் அது வெளியே போய்விட வேண்டும். "உன் காகிதத்தில் இல்லாத சாமான் உன் கூரைக்கடியில் இருக்கவே கூடாது" என்பார். அவரால் நான் ஒரு மெமோகூட வாங்காமல் ஓய்வு பெற்றேன். அதே புத்தியோடுதான் இந்த வீட்டுக்குள் நுழைந்தேன்.

மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தைய விருந்தினர்கள் விடியற்காலையிலேயே சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். அடுத்தவர்கள் பன்னிரண்டு மணிக்குத்தான் வர வேண்டும். நான் கூடத்து மேஜையில் சாமான்களைப் பரப்பி எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டரைக்கே ஆட்டோ வந்து நின்றது. சென்னையிலிருந்து ஒரு கணவன், மனைவி. முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும்.

"சார், ரூம் ரெடியாகலைன்னாலும் பரவால்ல. பேக்கை மட்டும் வெச்சுட்டுக் கோட்டைக்குப் போயிடறோம். ஒன்பது மணிக்குத் திறந்ததும் ஏறிட்டா வெயிலுக்கு முன்ன இறங்கிடலாம்" என்றார் அவர்.

"கூடத்துல வைங்க சார்" என்றேன்.

"ஐயா, கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கலாமா?" என்று அந்தப் பெண் கேட்டார்.

அப்போது நான் பதினேழாவது ஸ்பூனில் இருந்தேன். தலையைத் தூக்காமல் சமையலறைப் பக்கம் கையைக் காட்டினேன். அவர் உள்ளே போய்விட்டு வந்தார். அவ்வளவுதான்.

கோட்டைக்குப் போகிற ஒவ்வொருவரிடமும் நான் இரண்டு விஷயம் சொல்வது வழக்கம். மேலே குரங்குகள் அதிகம், கைப்பையைத் தோளில் மாட்டாதீர்கள். கையில் ஒரு கொம்பு இருக்கட்டும். கொம்புகள் இரண்டு கதவுக்குப் பின்னால் இருக்கும், பட்டியலில் நூற்று எண்பத்தெட்டும் எண்பத்தொன்பதும். அன்று இரண்டையும் சொல்லவில்லை. ஸ்பூன் கணக்கு தப்பிவிடும் என்று பயம். அவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார்கள். அந்தப் பெண்ணின் தோளில் ஒரு பழுப்பு நிறக் கைப்பை தொங்கியது.

ஒன்பதரைக்கு லூர்து ஃபிரிட்ஜைத் துடைத்தார். உள்ளேயிருந்து பாதிப் பாக்கெட் தயிர், இரண்டு எலுமிச்சை, ஒரு துண்டு கேக் வந்தன. பிறகு கதவின் மேல்தட்டிலிருந்து ஜிப் வைத்த ஒரு சின்ன நீலப் பையை எடுத்தார்.

"ஐயா, இது இன்னான்னு பாருங்க. மருந்து மாரி இருக்குது."

"லிஸ்ட்ல இருக்கா?"

"லிஸ்ட்ட நீங்கதான வெச்சிருக்கீங்க."

"இல்லம்மா. போனவங்க விட்டுட்டுப் போனது. எல்லாத்தையும் சேத்து வெளிய போடு."

"புதுசாட்டம் இருக்குது ஐயா. போன் போட்டு ஒரு வார்த்த கேட்டுக்கலாமில்ல?"

"தயிருக்கும் எலுமிச்சைக்கும் போன் போட்டுக் கேப்பியா? லிஸ்ட்ல இல்லன்னா குப்பை."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு முடிச்சிட்டு, வாசலில் இருக்கும் தகர டிரம்மில் போட்டு மூடினார். குரங்குக்குப் பயந்து அந்த டிரம்முக்குக் கனமான மூடி. ஞாயிற்றுக்கிழமை குப்பை வண்டி வராது. நான் பட்டியலில் டிக் போட்டேன்.

ஒன்றரை மணிக்குப் பத்து நிமிடம் இருந்தபோது போன் வந்தது. கணவர்தான். மூச்சு வாங்கியது.

"சார், கீழ இறங்கிட்டோம். மேல அந்தப் பாலத்துக்கிட்ட ஒரு குரங்கு இவ ஹேண்ட்பேக்கைப் பிடுங்கிட்டுது. பள்ளத்துல விழுந்துபோச்சு, எடுக்க முடியல. இவ இன்சுலின் அதுலதான் இருந்துச்சு. சுகர் பாக்கற மெஷினும் அதுலதான். நல்லவேளை, காலைல உங்க ஃபிரிட்ஜ் கதவுல ஒரு நீலப் பை வெச்சிருக்கா, அதுல ரெண்டு இருக்கு. வந்ததும் ஊசி போட்டுட்டுத்தான் சாப்பிடணும். ஆட்டோ கிடைச்சா இருபது நிமிஷத்துல வந்துடுவோம்."

நான் "சரி சார்" என்றேன்.

என் வேலைக்காலத்தில் நான் சொன்ன ஆயிரக்கணக்கான "சரி சார்"களில் அதை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமென்றால் வாங்கிக்கொள்வேன். அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் அவர்கள் ஆட்டோவை நேராக ஆஸ்பத்திரிக்கு விட்டிருப்பார்கள்.

வாசலுக்கு ஓடினேன். டிரம்மின் மூடி தொட முடியாமல் கொதித்தது. துண்டை வைத்துத் தூக்கினேன். தயிர் பாக்கெட் உப்பி வெடித்திருந்தது. அதற்கடியில் நீலப் பை. ஜிப்பைத் திறந்தேன். அட்டைப்பெட்டிக்குள் பேனா மாதிரி இரண்டு, ஊசிகள் இருந்த சின்ன டப்பா, ஒரு ஐஸ் பொட்டலம். ஐஸ் பொட்டலம் என்பது பெயருக்குத்தான். கையில் வெந்நீர்ப் பை மாதிரி இருந்தது.

அட்டைப்பெட்டிக்குள் மடித்து வைத்த காகிதத்தைப் பிரித்துப் படித்தேன். எனக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியும். குளிர்ச்சியில் வைக்க வேண்டும், சூட்டில் கிடந்ததைப் பயன்படுத்தக் கூடாது. இரண்டு முறை படித்தேன். மணியைப் பார்த்தேன். நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக, மே மாத வெயிலில், மூடிய தகரத்துக்குள்.

அதன் பிறகு நான் செய்ததை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை.

நீலப் பையில் ஒட்டியிருந்த தயிரை ஈரத்துணியால் துடைத்தேன். பையை ஃபிரிட்ஜ் கதவின் மேல்தட்டில், எடுத்த இடத்திலேயே வைத்தேன். ஐஸ் பொட்டலத்தைத் தனியாக எடுத்து மேலே ஃப்ரீசரில் போட்டேன், சீக்கிரம் குளிரட்டும் என்று. கதவைச் சாத்தினேன். பேனா இரண்டு, டப்பா ஒன்று, பை ஒன்று. எண்ணிக்கை சரியாக இருந்தது. மனசு கொஞ்சம் அடங்கியதுகூட எனக்கு நினைவிருக்கிறது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போதும் பயமாக இருக்கிறது.

திரும்பினால் சமையலறை வாசலில் லூர்து நின்றுகொண்டிருந்தார். போனில் கணவர் உரக்கப் பேசியது அவருக்கும் கேட்டிருக்கிறது.

"வெயில்ல கெடந்த பால ஃபிரிட்ஜ்ல வெச்சா நல்ல பாலாய்டுமா ஐயா?"

"இது பாலில்ல. பேனாவுக்குள்ள அடைச்சு வெச்சிருக்கு. ஒண்ணும் ஆவாது."

"அந்தக் காகிதத்துல அப்டியா போட்டிருக்குது?"

"நீ போய் வாசலைப் பாரு, ஆட்டோ வருதான்னு" என்றேன்.

அவர் போகாமல் ஒரு நிமிடம் நின்றார். "அந்தம்மா நம்பி இடுப்புல குத்திக்கினு சோறு துண்ணும்" என்றார். பிறகு போனார்.

பதினொரு நிமிடம் கழித்து ஆட்டோ வந்தது. ஃப்ரீசரிலிருந்து ஐஸ் பொட்டலத்தை எடுத்துப் பைக்குள் வைத்துவிட்டேன். வெளிப்பக்கம்தான் குளிர்ந்திருந்தது.

அந்தப் பெண்ணுக்கு முகம் வெளிறி உதடு காய்ந்திருந்தது. இருந்தாலும் கணவர் மாதிரி அவர் பதறவில்லை. "பையைத் தொறந்து ஒவ்வொண்ணா வெளிய போட்டுச்சு ஐயா. என் லிப்ஸ்டிக்கை மட்டும் பத்திரமா வெச்சுக்கிச்சு" என்று சிரித்தார். இரண்டு டம்ளர் தண்ணீரை நிறுத்தாமல் குடித்தார். மூன்றாவதையும் ஊற்றிக்கொண்டார்.

பிறகு ஃபிரிட்ஜைத் திறந்து பையை எடுத்தார்.

"லேசா சூடா இருக்கே. கரண்ட் போச்சா ஐயா?"

"ஆமாம்மா. கொஞ்ச நேரம்."

கேட்டதும் வாயில் வந்துவிட்டது. நான் யோசித்துச் சொன்ன பொய் அல்ல அது. அவரே எடுத்துக் கொடுத்தார், நான் பிடித்துக்கொண்டேன்.

"கொஞ்ச நேரம்னா ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மேஜையில் வழியில் வாங்கி வந்த சாப்பாட்டுப் பொட்டலங்கள் இரண்டு. கணவர் இலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் பேனாவில் ஊசியைப் பொருத்தினார். மருந்தின் அளவை வைக்க அதன் பின்பக்கத்தைத் திருகினார். திருகத் திருக ஒரு சின்னச் சத்தம் வந்தது, கிளிக், கிளிக் என்று. நான் எண்ண ஆரம்பித்தேன். வேண்டுமென்று எண்ணவில்லை, எந்தச் சத்தம் கேட்டாலும் என் தலைக்குள் எண்ணிக்கை ஓடும். ஐந்து. ஆறு. வாசற்படியில் லூர்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து. பதினொன்று. பதினான்கில் சத்தம் நின்றது. அவர் பஞ்சை எடுத்தார்.

பதினான்கு. கணக்கு சரியாக இருக்கும். உடம்புக்குள் போகிறது வெறும் தண்ணீராக இருக்கும். அதைக் கண்டுபிடிக்கும் மெஷின் பள்ளத்தில் கிடக்கிறது. அவர் சாப்பிட்டுவிட்டு, ஊசி போட்டாயிற்று என்ற நம்பிக்கையில் படுத்துக்கொள்வார்.

"போடாதீங்கம்மா" என்றேன்.

என் குரல் எனக்கே கேட்டதா என்று சந்தேகமாக இருந்தது. மறுபடியும் சொன்னேன். "அதைப் போடாதீங்க. கரண்ட் போகல. காலைல நான் அதைக் குப்பையில போட்டுட்டேன். இவ்வளவு நேரம் வெளிய டிரம்முல, வெயில்ல கிடந்துச்சு."

கணவர் இலையை விட்டுவிட்டு எழுந்தார். "குப்பையில போட்டீங்களா? அப்புறம் எப்படி ஃபிரிட்ஜுக்குள்ள இருக்கு?"

"நான்தான் எடுத்துத் திருப்பி வெச்சேன்."

"எப்போ?"

"நீங்க போன் பண்ணதுக்கு அப்புறம்."

கணவர் லூர்து பக்கம் திரும்பினார். "நீங்கதானே கிளீன் பண்றது? மருந்துக்கும் குப்பைக்கும் வித்தியாசம் தெரியாதா?"

லூர்துவின் கண் என் மேலேயே இருந்தது. அந்த வீட்டில் அவருக்கு இருந்தது வாய்ச்சொல் வேலை. முதலாளிக்கு ஒரு போன் போனால் அடுத்த நாள் அவர் பஸ் ஏற வேண்டிய அவசியம் இருக்காது. என்னைவிட அவருக்கு இது நன்றாகத் தெரியும்.

"அவங்க மேல தப்பில்ல சார். மருந்து மாதிரி இருக்கு, போன் பண்ணிக் கேக்கலாம்னு அவங்க சொன்னாங்க. நான்தான் கேக்கல."

"என்ன மனுஷன் சார் நீங்க" என்றார் அவர். இதற்கு மேலும் சொன்னார். அத்தனையும் நியாயமானவை.

அந்தப் பெண் ஊசியைக் கழற்றி மூடி போட்டுக்கொண்டே சொன்னார். "நானும் சொல்லியிருக்கணும். ஒவ்வொரு ஊர்லயும் இதைச் சொன்னா அடுத்து அஞ்சு கேள்வி கேப்பாங்க, இந்த வயசுலயேவான்னு. அலுத்துப்போய்ச் சொல்றதில்ல." பிறகு கணவரைப் பார்த்து, "சண்டையை அப்புறம் போடலாம். எனக்கு வாந்தி வர்ற மாதிரி இருக்கு" என்றார்.

அவர் அதைச் சொன்ன விதத்தில் எல்லோருக்கும் புத்தி வந்தது. நான் ஆட்டோவுக்கு எங்கே போவது என்று யோசித்தேன். ஞாயிறு மதியம், அந்த உள்சாலையில் ஒரு ஈ காக்கை வராது.

"ஆட்டோ நிக்குது" என்றார் லூர்து.

"போகலையா?"

"நான்தான் நிக்கச் சொன்னேன். திரும்ப ஓட வேண்டியிருக்கும்னு தெரியும்."

நான் சொல்லிவிடுவேன் என்று என்னைவிட அவர் முன்பே நம்பியிருக்கிறார். அல்லது, நான் சொல்லாவிட்டால் தானே சொல்லிவிடுவது என்று முடிவெடுத்திருக்கிறார். எது என்று நான் கேட்டதில்லை.

கணவனும் மனைவியும் ஆஸ்பத்திரிக்கு, லூர்து அவர்களுக்குத் துணை. நான் அந்த அட்டைப்பெட்டியை எடுத்துக்கொண்டேன். கடைத்தெருவில் ஆட்டோ என்னை இறக்கிவிட்டுப் போயிற்று. பஸ் நிலையத்திலிருந்து கடைத்தெரு முடியும்வரை ஒன்பது மருந்துக் கடைகள். ஞாயிறு இரண்டு மணிக்கு எட்டு மூடிக் கிடந்தன. திறந்திருந்த ஒன்றில் அந்த வகை இல்லை. "வேற கம்பெனி இருக்குது, தரட்டுமா பெரியவரே?" என்று கேட்டார் கடைப் பையன். வேண்டாம் என்றேன். அன்றைக்கு இரண்டாவது முறையாக, ஏறக்குறையச் சரியாக இருக்கும் ஒன்றைக் கொண்டுபோய் வைக்க எனக்குத் துணிவில்லை.

ஆறாவது கடைக்காரர் கடைக்கு மேலேயே குடியிருந்தார். படியேறிக் கதவைத் தட்டினேன். சாப்பாட்டுக் கையோடு வந்தார்.

"இன்னா சார், ஞாயித்துக்கெழம அதுவுமா? நாளைக்கிப் பாத்துக்கலாமே."

நடந்ததை மறைக்காமல் சொன்னேன். நாலைந்து வாக்கியம்தான். அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து ஷட்டரைத் தூக்கினார். அவருடைய ஃபிரிட்ஜில் இரண்டு இருந்தன. பழைய பெட்டியையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டேன். அளவை ஒப்பிட்டேன். கெடு தேதி பார்த்தேன். அவர் பொறுமையாக நின்றார். பிறகு பக்கத்து ஜூஸ் கடையிலிருந்து ஐஸ் வாங்கி, மருந்தில் ஐஸ் நேராகப் படக்கூடாது என்று தாளில் சுற்றிக் கொடுத்தார். "ஓடுங்க" என்றார். அறுபத்தாறு வயதில், ஒரு கையில் பொட்டலத்தோடு, செஞ்சி கடைத்தெருவில் நான் ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு ஏற்கெனவே ஊசி போட்டு, டிரிப்ஸும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சர்க்கரை முந்நூறுக்கு மேல் போயிருந்ததாம். கணவர் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பணியில் இருந்த டாக்டர் அந்தப் பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தது எனக்கும் கேட்டது. "அந்தக் கெட்டுப்போனதப் போட்டுட்டு நல்லா சாப்ட்டுப் படுத்திருந்தீங்கன்னா, போட்டாச்சுங்கற நம்பிக்கையில யாரும் பாத்திருக்க மாட்டாங்க. சாயங்காலம் இங்க தூக்கிக்கினுதான் வந்திருக்கணும்."

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். எதிரே தரையில் ஓடுகள் இருந்தன. எண்ணவில்லை. எனக்குத் தெரிந்து, எதிரில் எண்ணுவதற்கு ஏதாவது இருந்தும் நான் எண்ணாமல் இருந்தது அந்த இரண்டு மணி நேரம்தான்.

லூர்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்த லிஸ்ட்ல எம் பேரு எங்க இருக்குது ஐயா?"

"எந்த லிஸ்ட்ல?"

"உங்க இருநூத்திப் பதினாலுல. தொடப்பம் இருக்குது, மாப் இருக்குது, நான் இல்ல. அப்ப நானும் குப்பைதான?"

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே, "டீ குடிக்கிறீங்களா? மூஞ்சி செத்துப்போய்க் கெடக்குது" என்றார்.

அவர்கள் அன்றைக்கே சென்னைக்குத் திரும்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். ஐந்தரை மணிக்கு ஆட்டோ வீட்டு வாசலில் வந்து நின்றது. கணவர் என்னிடம் பேசாமல் உள்ளே போனார். அந்தப் பெண் நேராகச் சமையலறைக்குப் போய், புதிய மருந்தை நீலப் பைக்குள் வைத்து, ஃபிரிட்ஜ் கதவின் மேல்தட்டில் வைத்தார். கதவைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஐயா, இது என்னுது. ரெண்டு. எண்ணிக்கோங்க."

"எண்ண மாட்டேன்மா" என்றேன்.

மூன்று நாள் தங்கினார்கள். மறுநாள் முதலாளிக்கு நானே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன், ஃப்ரீசரில் வைத்த ஐஸ் பொட்டலம் உட்பட. அவர் "இனிமே என்ன செய்யப்போறீங்க?" என்று மட்டும் கேட்டார். அன்றே பட்டியலை எடுத்து, ஃபிரிட்ஜ் என்ற தலைப்பின் கீழ் இருந்த மேல்தட்டை அடித்து நீக்கினேன். மீதி ஆறு வருடமும் அந்த வீட்டின் சாமான்கள் இருநூற்றுப் பதின்மூன்றுதான். அந்தத் தட்டு விருந்தினருடையது. அங்கே அழுகிய தக்காளி இருந்தாலும், காலிப் பாட்டில் இருந்தாலும், அவர்களுக்குப் போன் செய்து ஒரு வார்த்தை கேட்காமல் நானோ லூர்துவோ கை வைத்ததில்லை. பலர் சிரித்திருக்கிறார்கள். ஒருவர், ஒரு துண்டு இஞ்சிக்காகவா போன் என்று கோபித்துக்கொண்டார். கோபித்துக்கொள்ளட்டும்.

வருகிறவர்கள் வாசலில் கால் வைக்கும்போது கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுங்கள். எந்த எண்ணில் விட்டோம் என்று மறந்துபோனால் முதலிலிருந்து எண்ணிக்கொள்ளலாம். அன்று மதியம்வரை எனக்கு அதற்கு நேரம் இருந்தது. பதினேழாவது ஸ்பூனை விட மனசில்லாமல்தான் ஒரு பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் கையைக் காட்டினேன்.

உங்கள் பட்டியலின் மூன்றாம் பக்கத்தில், மேலிருந்து ஒன்பதாவது வரி. நான்கு வீட்டுக்கும் நான்கு பிரதி இருக்கும். நான்கிலும் அடித்துவிடுங்கள். லூர்து இப்போது உங்கள் இரண்டாவது வீட்டில்தான் வேலை செய்கிறார். அவருடைய பிரதியைத் திறந்து பார்த்தால், அவர் முன்பே அடித்திருப்பார்.